மூளையில் நான்கு புள்ளிகள்: ஜிம்மி கார்ட்டரின் சிகிச்சையும் ஸ்கேன் படங்களும்

2015 ஆகஸ்ட் 20 அன்று அட்லாண்டாவில் உள்ள கார்ட்டர் மையத்தில் செய்தியாளர்கள் கூடியிருந்தார்கள். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 90. தன் உடம்பில் நடப்பதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லத் தொடங்கினார். கல்லீரலில் ஒரு கட்டி இருந்தது, அதை அறுத்து எடுத்துவிட்டார்கள், அது மெலனோமா, அதாவது பெரும்பாலும் தோலின் நிறமி செல்களில் தொடங்கும் புற்றுநோய், என்று தெரிந்தது. நோய் கல்லீரலோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தாராம். அப்படி நிம்மதியடைந்த நாளின் பிற்பகலிலேயே தலைக்கும் கழுத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையில் நான்கு இடங்களில் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இன்னும் சில வாரங்கள்தான் என்று அப்போது நினைத்ததாக அவரே சொன்னார்.

2 மில்லிமீட்டர் என்றால் நம் வீட்டுக் கடுகு அளவு. நான்கு கடுகுகள். அவை கண்ணில் படாமல் போயிருந்தால் அவருக்குக் கிடைத்த சிகிச்சையே வேறாக இருந்திருக்கும்.

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொள்ளக் காரணம் கார்ட்டரின் புகழ் மட்டும் அல்ல. நோயைக் கண்டுபிடித்தது, எங்கே கதிர்வீச்சு கொடுப்பது என்று தீர்மானித்தது, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தது, மருந்தை நிறுத்தியது என இந்தச் சிகிச்சையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு படம் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சிகிச்சையில், அதாவது இம்யூனோதெரபியில், அந்தப் படங்களைப் படிப்பது பழைய கீமோ காலத்துப் பழக்கத்திலிருந்து மிகவும் மாறிவிட்டது. இந்த மாற்றம் நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்பது என் ஆதங்கம். கார்ட்டரைப் பற்றி அவரும் அவர் மையமும் பொதுவில் சொன்னதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். மற்றவை, அதே மருந்தையும் அதன் உறவு மருந்துகளையும் பெற்ற பிற நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வுகளிலிருந்து வருபவை.

சளியில் தொடங்கியது

2015 மே மாதம் தேர்தல் பார்வையாளராகத் தென் அமெரிக்காவின் கயானாவுக்குப் போயிருந்தார் கார்ட்டர். கடுமையான சளி பிடித்தது. பாதியில் திரும்பி வந்து எமரி பல்கலைக்கழக மருத்துவர்களிடம் காட்டினார். முழு உடல் பரிசோதனை செய்தபோதுதான் கல்லீரலில் ஒரு வளர்ச்சி இருப்பது படத்தில் தெரிந்தது. சளிக்காகப் போனவருக்குப் புற்றுநோய் அகப்பட்டது.

அவருடைய அப்பா, தம்பி, இரண்டு தங்கைகள் என நான்கு பேர் கணையப் புற்றுநோயில் இறந்த குடும்பம் அது. எனவே கல்லீரலில் ஒரு கட்டி என்றதும் முதல் சந்தேகம் எங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் படம் ஒரு கட்டியின் வடிவத்தையும் இடத்தையும்தான் காட்டும், பெயரைச் சொல்லாது. ஆகஸ்ட் 3 அன்று கல்லீரலில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை எடுத்தார்கள். திசுவைச் சோதித்த பிறகுதான் மெலனோமா என்ற பெயர் வந்தது. அது உடலில் வேறெங்கோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியிருக்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் வலுவான சந்தேகம். மெலனோமா என்றால் மூளையைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மூளைக்குப் போவதில் அது மிகவும் முனைப்பானது.

மூளையைப் பார்க்க எதற்கு எம்.ஆர்.ஐ.? புற்றுநோய்க்குப் பெட் ஸ்கேன்தானே எடுப்பார்கள் என்று பலர் கேட்பதுண்டு. வழக்கமான பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி வழியாகச் செலுத்துகிறார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் திசு படத்தில் பிரகாசமாகத் தெரியும். மூளையோ இயல்பாகவே சர்க்கரைப் பசி மிகுந்த உறுப்பு. படத்தில் முழுவதுமாக ஒளிரும். அதில் கடுகளவு புள்ளியைத் தேடுவது தேர்த் திருவிழா விளக்கொளியில் மின்மினியைத் தேடுவது போலத்தான். போதாக்குறைக்கு, சில மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள எதையும் பெட் கருவியால் தெளிவாகப் பிரித்துக் காட்ட முடியாது. எம்.ஆர்.ஐ. வேறு வழியில் வேலை செய்கிறது. கேடோலினியம் கலந்த மருந்தை ரத்தத்தில் செலுத்துவார்கள். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவர் கெட்டியானது, சாதாரணமாக அது இந்த மருந்தை உள்ளே விடாது. கட்டி இருக்கும் இடத்தில் சுவர் கசியும், மருந்து கசிந்த இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

அந்தப் புள்ளிகள் அப்படியே கதிர்வீச்சுக்கு வரைபடமாயின. முகத்துக்கு அச்செடுத்தது போன்ற முகமூடியைப் போட்டுத் தலையை அசையாமல் பிடித்துவைத்து, எம்.ஆர்.ஐ. காட்டிய இடங்களுக்கு மட்டும் குறிபார்த்துக் கதிர்வீச்சு கொடுப்பது இந்த முறை. செய்தியாளர் சந்திப்பு நடந்த அதே நாள் பிற்பகலில் கார்ட்டருக்கு அது தொடங்கியது. கூடவே பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒரு தவணையாகக் கொடுத்தார்கள்.

மருந்து கட்டியைத் தொடுவதில்லை

பெம்ப்ரோலிசுமாப் அப்போது புதிது. 2014 செப்டம்பரில்தான் அமெரிக்காவில் மெலனோமாவுக்கு அனுமதி கிடைத்தது. கார்ட்டருக்குக் கொடுத்தபோது அதற்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கீமோ மருந்து நேராகப் போய்ப் புற்று செல்லைத் தாக்கும். இந்த மருந்து அப்படிச் செய்வதில்லை. நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள் காவல்காரர்கள் மாதிரி. அவற்றின் மேல் பி.டி.-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. சில கட்டிகள் பி.டி.-எல்1 என்ற புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் நீட்டி அந்த பிரேக்கை மிதித்துவிடும். காவல்காரர் வாசலிலேயே நின்றுவிடுவார். பெம்ப்ரோலிசுமாப் பி.டி.-1 மேல் ஒட்டிக்கொண்டு அந்த மிதியைத் தடுக்கிறது. மற்ற வேலையெல்லாம் டி செல்லுடையது. பி.டி.-1ஐக் கண்டுபிடித்த தசுக்கு ஹோன்ஜோவும், அதைப் போன்ற இன்னொரு பிரேக்கான சி.டி.எல்.ஏ.-4 பற்றி ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மூளைக்குள் இது நடக்குமா என்று அன்று பலருக்கும் சந்தேகம் இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 5 முதல் 20 மில்லிமீட்டர் வரையிலான மூளைக் கட்டிகள் உள்ளவர்களுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மெலனோமா நோயாளிகள் 18 பேரில் 4 பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது. 2016இல் வெளிவந்த முடிவு அது. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் கதவு மூடியிருக்கவில்லை என்பது தெரிந்தது.

மருந்து கட்டியைத் தொடாமல் டி செல்லை அனுப்புகிறது என்பதால்தான் படம் படிப்பதில் சிக்கல் வருகிறது.

பெரிதானால் தோல்வியா?

கீமோ காலத்து அளவுகோல் எளிமையானது. ரெசிஸ்ட் என்று அதற்குப் பெயர். அதிகபட்சம் ஐந்து கட்டிகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் நீளத்தைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால் மருந்து பலிக்கிறது. 20 சதவீதம் கூடினாலோ, புதிதாக ஒரு கட்டி முளைத்தாலோ நோய் முற்றுகிறது, மருந்தை மாற்ற வேண்டும்.

டி செல்கள் கூட்டமாகக் கட்டிக்குள் புகுந்தால் என்ன ஆகும்? வீக்கம் வரும், நீர் கோக்கும், உள்ளே செல்கள் சாகும். படத்தில் கட்டி பெரிதாகத் தெரியும். முன்பு கண்ணுக்கே தெரியாத சிறு குவியல்கள்கூட டி செல்கள் சூழ்ந்து வீங்கிப் புதிய கட்டி போலக் காட்சி தரும். பழைய அளவுகோலைப் பிடித்தால் இது தோல்வி. உண்மையில் அது மருந்து வேலை செய்யும் காட்சியாக இருக்கலாம். இதற்குப் போலி முற்றல் என்று பெயர் வைக்கலாம்.

சி.டி.எல்.ஏ.-4 பிரேக்கைத் தடுக்கும் இப்பிலிமுமாப் என்ற மருந்தைச் சோதித்த காலத்திலேயே இது கவனத்துக்கு வந்தது. 2009இல் ஜெட் வுல்கோக் குழு 227 மெலனோமா நோயாளிகளின் படங்களை மறுபடி படித்தது. பழைய முறையில் முற்றல் என்று முத்திரை விழுந்தவர்களில் 22 பேருக்கு, உண்மையில் கட்டி பிறகு சுருங்கியோ நிலைத்தோ இருந்தது. கார்ட்டர் பெற்ற அதே பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் முதல் பெரிய ஆய்விலும் இதையே தேடினார்கள். 28 வாரமோ அதற்கு மேலோ படம் எடுத்துத் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 327 பேரில் 24 பேருக்கு இப்படி வழக்கத்துக்கு மாறான போக்கு இருந்தது. அவர்களில் 15 பேருக்குத் தொடக்கத்திலேயே வீங்கியது, 9 பேருக்குத் தாமதமாக.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய எண் வேறு. பழைய அளவுகோல், இந்த வீக்கத்தையும் கணக்கில் எடுக்கும் புதிய அளவுகோல் என இரண்டிலும் முற்றல் என்று வந்தவர்களில் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 17.3 சதவீதம். பழைய அளவுகோலில் முற்றல், புதிய அளவுகோலில் முற்றல் இல்லை என்று வந்தவர்களிலோ 37.5 சதவீதம். இந்த இரண்டாவது கூட்டத்துக்கு முதல் ரிப்போர்ட்டோடு மருந்தை நிறுத்தியிருந்தால்? வீட்டில் ஒருவருக்குச் சிகிச்சை நடக்கும்போது ரிப்போர்ட் கவரைக் கையில் வாங்கியவுடன் கண் தேடுவது ஒரே ஒரு சொல்லைத்தான்: கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு எண்களையும் எழுதுகிறேன்.

2017இல் இதற்காகவே ஐரெசிஸ்ட் என்ற விதிமுறை வந்தது. முதல் படத்தில் கட்டி பெரிதானால் அது ‘உறுதியாகாத முற்றல்’. நோயாளி நல்ல நிலையில் இருந்தால் மருந்தைத் தொடர்ந்துவிட்டு 4 முதல் 8 வாரத்துக்குள் இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதிலும் கூடியிருந்தால்தான் ‘உறுதியான முற்றல்’. அதாவது இந்தச் சிகிச்சையில் ஒரு படத்துக்கு முழு அர்த்தம் அடுத்த படத்தோடு சேர்த்து வைத்தால்தான் கிடைக்கிறது.

ஆனால் இதையே பிடித்துக்கொண்டு, வளர்வதெல்லாம் போலி வளர்ச்சி என்று நம்பிவிடவும் கூடாது. மேலே சொன்ன எண்களைத் திரும்பப் பாருங்கள்: 327இல் 24. கட்டி வளர்ந்தால் பெரும்பாலும் அது நிஜ வளர்ச்சிதான். இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பாரிஸ் அருகே உள்ள குஸ்தாவ் ரூசி மருத்துவமனையில் இவ்வகை மருந்துகள் பெற்ற 131 பேரின் படங்களை, மருந்துக்கு முந்தைய வளர்ச்சி வேகத்தோடு ஒப்பிட்டார்கள். 12 பேரிடம் கட்டி முன்பைவிட இரண்டு மடங்கோ அதற்கு மேலோ வேகமாக வளர்ந்தது. வயதானவர்களிடம் இது அதிகமாகக் காணப்பட்டது. அப்படிப்பட்டவருக்கு எட்டு வாரம் காத்திருப்பது பெரிய விலை. பசி இருக்கிறதா, எடை குறைகிறதா, வலி கூடுகிறதா, எழுந்து நடக்கிறாரா என்று நோயாளியைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்க்கும் முடிவு இரண்டு பக்கமும் தவறும்.

மூளையில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. கதிர்வீச்சு பட்ட இடத்தில் சில மாதங்கள் கழித்துத் திசு செத்து, எம்.ஆர்.ஐ.யில் வெள்ளை வளையமாகத் தெரியும். திரும்பி வந்த கட்டியும் அப்படியே தெரியும். மூளைக் கட்டிகளுக்காக 2015இல் தனி வழிகாட்டுதலே வந்தது. மருந்து தொடங்கிய முதல் 6 மாதத்துக்குள் படம் மோசமாகி, நோயாளியின் நரம்பியல் நிலை கெடாமல் இருந்தால், மருந்தைத் தொடர்ந்து 3 மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னது.

டிசம்பர் 6

பொதுவில் சொன்னவரை, இவ்வளவு குழப்பங்களில் எதுவும் கார்ட்டருக்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. தன் ஊரான ஜார்ஜியா மாநிலத்து பிளெய்ன்ஸில், தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு எடுப்பது அவர் வழக்கம். 2015 டிசம்பர் 6 அன்று அந்த வகுப்பில்தான் செய்தியைச் சொன்னார். அண்மையில் எடுத்த மூளை எம்.ஆர்.ஐ.யில் பழைய புள்ளிகளும் இல்லை, புதியவையும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெம்ப்ரோலிசுமாப் தொடரும் என்று அறிக்கையும் வந்தது.

உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதிசய மருந்து என்று எழுதின. படம் நிஜமாகச் சொன்னது என்ன என்று நிதானமாகப் பார்க்கலாம். கல்லீரல் கட்டியைக் கத்தி எடுத்துவிட்டது. மூளைப் புள்ளிகளுக்குக் கதிர்வீச்சும் கிடைத்தது, மருந்தும் கிடைத்தது. 2 மில்லிமீட்டர் புள்ளியைக் கதிர்வீச்சே தனியாக அழித்துவிட முடியும். ஆகவே பழைய புள்ளிகள் மறைந்ததற்கான பெருமையை மருந்துக்கு மட்டும் கொடுக்க முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது அறிக்கையின் இரண்டாவது பாதி: புதியவை இல்லை. கதிர்வீச்சு குறிபார்த்த நான்கு இடங்களுக்கு அப்பால் அது எதுவும் செய்திருக்க வாய்ப்பு குறைவு. கல்லீரலுக்கும் மூளைக்கும் பரவிய மெலனோமா, மாதக்கணக்கில் வேறெங்கும் முளைக்காமல் இருந்தால் டி செல்கள் விழித்திருந்தன என்று நினைக்க நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு நோயாளியை வைத்து அதற்கு மேல் சொல்ல முடியாது.

2016 மார்ச்சில் அதே தேவாலயத்தில் அடுத்த செய்தி. இனி மருந்து வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஸ்கேன் தொடரும், தேவைப்பட்டால் மருந்தைத் திரும்பத் தொடங்குவார்கள்.

எப்போது நிறுத்துவது என்பது இன்றும் இந்தத் துறையில் தீராத கேள்வி. மருந்து விலை கொடூரமானது. பக்கவிளைவும் உண்டு, அவிழ்த்துவிட்ட டி செல்கள் தைராய்டையோ நுரையீரலையோ குடலையோ தாக்கலாம். அவசரப்பட்டு நிறுத்தினால் நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இங்கேதான் சர்க்கரை பெட் ஸ்கேன் பெரிய உதவி செய்கிறது. சிட்னியில் மெலனோமா நோயாளிகள் 104 பேருக்கு, மருந்து தொடங்கி ஒரு வருடம் ஆனபோது சி.டி.யும் பெட்டும் எடுத்துப் பார்த்தார்கள். சி.டி.யில் கட்டி முழுதாக மறைந்தவர்கள் 28 சதவீதம்தான். பெட்டிலோ 75 சதவீதம் பேரிடம் சர்க்கரை தின்னும் திசுவே இல்லை. சி.டி. காட்டிய மிச்சக் கட்டிகளில் பல, செத்த திசுவின் தழும்புகள். பெட்டில் அடங்கியவர்களில் பெரும்பாலோருக்கு, அதன் பிறகும் நோய் திரும்பவில்லை. 2018இல் இது வெளியானது. ஒரு வருட முடிவில் பெட் படத்தையும் பயாப்ஸியையும் (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) வைத்து மருந்தை நிறுத்தலாமா என்று சோதிக்கும் ஆய்வும் அமெரிக்காவில் தொடங்கியது.

பெட்டுக்கும் ஒரு குறை உண்டு. வேலை செய்துகொண்டிருக்கும் டி செல்லும் சர்க்கரை தின்னும். அதனால் நெஞ்சுக்குள் நிணநீர்க் கணுக்கள் ஒளிர்வதைப் பார்த்துப் பரவல் என்று பயந்து, பயாப்ஸி எடுத்தால் வெறும் அழற்சி என்று வந்த நிகழ்வுகள் உண்டு. தைராய்டு முழுவதும் சீராக ஒளிர்ந்தால் அது பக்கவிளைவின் அடையாளமாக இருக்கும். படிப்பவருக்கு நோயாளி எந்த மருந்தில் இருக்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கப் போகும்போது மருந்தின் பெயரையும் கடைசித் தவணைத் தேதியையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

மருந்தையே ஒளிர வைத்தால்?

கார்ட்டருக்கு மருந்து பலிக்குமா என்று முன்கூட்டியே காட்டக்கூடிய படம் 2015இல் வழக்கத்தில் இல்லை. கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில் எலிசபெத் டி வ்ரீஸ் குழு இந்த இடத்தில்தான் வேலை செய்தது. பி.டி.-எல்1ஐப் பிடிக்கும் அடிசோலிசுமாப் என்ற மருந்தோடு சிர்கோனியம்-89 என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கட்டினார்கள். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 78 மணி நேரம். இவ்வகை மருந்துகள் ஆன்டிபாடி எனும் பெரிய புரதங்கள், அவை ரத்தத்தில் நாள்கணக்கில் சுற்றித்தான் கட்டிக்குப் போய்ச் சேரும் என்பதால் அந்த நிதானம் தேவைப்பட்டது. சிறுநீர்ப்பை, நுரையீரல், மார்பகப் புற்றுநோயாளிகள் 22 பேருக்கு இதை மிகச் சிறிய அளவில் செலுத்தி, அடுத்த ஒரு வாரத்துக்குள் படங்கள் எடுத்தார்கள். அதன் பிறகு நிஜ அளவு மருந்தைக் கொடுத்தார்கள்.

படங்கள் சீராக இல்லை. ஒரே நோயாளியின் உடலில் ஒரு கட்டி பளிச்சென்று ஒளிர்ந்தது, பக்கத்துக் கட்டி இருண்டு கிடந்தது. ஒரே கட்டிக்குள்ளேயே ஒரு மூலை ஒளிர்ந்தது, மறு மூலை இருண்டது. இதில் எங்கே ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தால் சரியான பதில் வரும்? வழக்கமாக அதைத்தான் செய்கிறார்கள். 2018இல் வெளியான முடிவில், யாருக்கு மருந்து பலித்தது என்பதோடு பயாப்ஸித் திசுவுக்குச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனையைவிடவும், அதன் மரபணுச் செய்தியைப் படிக்கும் சோதனையைவிடவும் இந்தப் படத்தின் ஒளி நன்றாகப் பொருந்தியது. 22 பேர் சிறிய கூட்டம், பெரிய கூட்டத்தில் நிரூபிக்க வேண்டிய வேலை மிச்சம். மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் இயல்பிலேயே ஒளிர்வதால் அங்கே உள்ள கட்டியைப் படிப்பதும் கடினம். அதே குழு 2022இல் இன்னொரு படி போனது. 38 பேரிடம் சி.டி.8 என்ற அடையாளமுள்ள டி செல்களையே ஒளிர வைத்து, காவல்காரர்கள் எந்தக் கட்டிக்குள் நுழைந்திருக்கிறார்கள், எதற்கு வெளியே நிற்கிறார்கள் என்று உயிருள்ள உடலில் பார்த்தது.

கட்டி பெரிதானபோது உள்ளே இருப்பது டி செல்லா, புற்று செல்லா என்ற அந்தப் பழைய கேள்விக்கு இரண்டு மாதம் காத்திருக்காமலே பதில் தரும் படமாக இது ஒருநாள் மாறலாம் என்று நான் மனதார நம்புகிறேன். அதற்குக் கதிரியக்கத் தனிமம் தயாரிக்கும் சைக்ளோட்ரான், மருந்தோடு அதைக் கட்டும் ஆய்வகம், படிக்கத் தெரிந்தவர் எல்லாம் வேண்டும். இன்றைக்கு இது ஆய்வு மையங்களில்தான் இருக்கிறது.

கார்ட்டர் 2016 மார்ச்சுக்குப் பிறகு வீடு கட்டும் தொண்டுப் பணிகளுக்குப் போனார், ஞாயிறு வகுப்பைத் தொடர்ந்தார். 2019இல் கீழே விழுந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து, அதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2023 பிப்ரவரியில் மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று முடிவெடுத்தார். 2024 டிசம்பர் 29 அன்று பிளெய்ன்ஸில், தன் வீட்டில், 100 வயதில் இறந்தார். எம்.ஆர்.ஐ.யில் அந்த நான்கு புள்ளிகள் தெரிந்து ஒன்பது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன.